எந்தக் கட்டில்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன பிசியோதெரபி கிளினிக்குக்கு வினோத் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தான். கட்டில் நம்பரைத் தட்டி பட்டனை அமுக்கினால், பத்து நிமிஷம் கழித்து கம்ப்யூட்டரே அந்தக் கட்டிலுக்குச் சூட்டு ஒத்தடம் முடிந்தது என்று சத்தமாகச் சொல்லும்.

அங்கே உதவிக்கு இருந்த இந்து ஒருநாள் போன் பண்ணினாள். "அண்ணே, சில நேரம் ஒரே கட்டிலையே ரெண்டு தடவ சொல்லுது."

"நல்லதுதானம்மா. ஒருக்க காதுல விழலைன்னா மறுக்க விழும்," என்று சிரித்தபடி போனை வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் சோழபுரத்து ராக்கப்பன் ஒன்றாம் கட்டிலில் படுத்திருந்தார். சர்க்கரையால் கால் மரத்துப்போனவர், சூடு உறைக்காது. அவருக்கு ஒத்தடம் வைத்த கையோடு இந்து இரண்டாம் கட்டிலுக்கும் வைத்தாள். இரண்டு தடவையும் கம்ப்யூட்டர் இரண்டாம் கட்டிலைத்தான் சொன்னது. யாரோ கவனித்து ஓடுவதற்குள் பெரியவர் பாதம் கொப்பளித்துவிட்டது.

தகவல் கேட்டு வினோத் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் எல்லார் முன்னாலும் இந்துவை ஏசிக்கொண்டிருந்தார்.

"மிஷின் சொல்லலை சார். அண்ணன்ட்டயே கேளுங்க," என்றாள்.

"புரோகிராம் சரியாத்தான் சார் இருக்கு." யோசிக்கும் முன்னே வாயிலிருந்து வந்துவிட்டது. இந்து அவனை ஒரு தடவை பார்த்தாள். மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை.

ராஜபாளையத்தில் தன் வீட்டில் அந்தப் புரோகிராமைத் திறந்து பார்க்கவே அவனுக்குச் சில நாள் பயமாக இருந்தது. திறந்ததும் தெரிந்துவிட்டது. பத்து நிமிஷம் கழித்து, அப்போது திரையில் இருக்கும் நம்பரைப் பார்த்துச் சொல் என்று எழுதியிருந்தான். அதற்குள் அடுத்த கட்டிலின் நம்பர் வந்து உட்கார்ந்துவிடும். பட்டனை அமுக்கும்போதே அந்த நம்பரையும் சேர்த்துக் கொடுத்தனுப்பியிருக்க வேண்டும். ஒரே வரி. மாற்றினான், சரியாக ஓடியது.

டாக்டரிடம் போய் ஒப்புக்கொண்டான். பிறகு, இந்து பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, சாப்பாட்டு நேரத்தில் வாசலில் காத்து நின்றான்.

"தப்பு என்மேலதாம்மா. டாக்டர் உன்னைய திரும்ப வரச் சொல்றாரு."

"அம்புட்டு பேர் முன்னால கேட்டேனேண்ணே. அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்ல? நான் வரலை. தாத்தா கால் எப்படி இருக்கு?"

"ஆறிட்டு வருதாம்."

"வருதாமா? நீங்க போயிப் பாக்கலையா?"

மணி அடிக்கவும் அவள் உள்ளே போய்விட்டாள். வினோத் வண்டியைப் பெரியவரின் ஊரான சோழபுரம் பக்கம் திருப்பினான்.