மேடையில் ஒரு கதிரை

கலாநிதி காலிதீன் பெல்ஜியத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அங்கே யாருக்கு யார்மீது கோபம் என்பதை வருடக்கணக்காக எழுதிவந்தார். ஒப்பீட்டு அரசியல் அவருடைய துறை. பெல்ஜியத்தை லெபனானோடு ஒப்பிடுவார்; கல்முனையை மட்டும் எதனோடும் ஒப்பிடமாட்டார். அங்கே மனைவியின் வீடு இருந்தது. அந்த வீட்டில் அவர் இருந்தார்.

அந்த விரதத்தைக் கலைத்தவர் பக்கத்துத் தமிழூரான பாண்டிருப்பைச் சேர்ந்த ஜீவராஜ், அதே துறை விரிவுரையாளர். ஊர்ச் சபையைத் தமிழரும் முஸ்லிம்களும் பகிர்ந்து ஆளலாம் என்று இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பாண்டிருப்பில் கருத்துக் கேட்டு வீடு வீடாக அலைந்தவர் ஜீவராஜ். அடிக்குறிப்புப் போட்டவர் காலிதீன். பேராசிரியராவதற்கு அவருக்கு அந்த ஒரு கட்டுரைதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து, சபையில் தமிழருக்குப் பங்கு கொடுப்பதா என்று ஊர் சூடாகியது. மனைவி றஹீமாவின் காக்கா, அதாவது அண்ணன், ஹஸன் வந்தார். அவர் அவர்களுடைய குடியின் தலைவர், மரைக்காயர். குடி தாய்வழி, குடிக்கு ஒரு மரைக்காயர், பள்ளி நிர்வாகத்தில் எல்லாக் குடிக்கும் பங்கு. அதிகாரப் பகிர்வுக்கு உதாரணம் தேடித்தான் காலிதீன் ஏட்டில் பெல்ஜியம்வரை போயிருந்தார்.

"மச்சான், வெள்ளிக்கிழம கண்டனக் கூட்டம். நீங்க மேடையில இரிக்கணும்."

"நான் ஆய்வாளன் மச்சான். நடுநிலை..."

"ஆரு உங்களக் கதைக்கச் சொன்ன? சும்மா இரிங்க. படிச்ச ஆள் ஒண்டு இரிந்தா மேடைக்கு வடிவு." தேநீரை உறிஞ்சினார். "அடுத்த மாசம் றிஸ்னாட நிக்காஹ். மரைக்காயர் இல்லாம நடக்குமா? நான் வருவன்தானே. நீங்களும் வாங்களன்."

றஹீமா கணவரைப் பார்த்தாள். மகளின் கலியாணத்துக்கு எதிரான கோட்பாடு எதுவும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. வாய் திறக்காதவரை நடுநிலைதான் என்று முடிவுகட்டிக்கொண்டு போனார்.

மேடைப் பதாகையில் 'பேராசிரியர் காலிதீன்' என்றிருந்தது. பல்கலைக்கழகம் கொடுக்காததைப் பதாகை அடித்தவன் கொடுத்துவிட்டான். "ஒரு பங்கும் கொடோம்!" என்று ஹஸன் முழங்க, கூட்டம் கைதட்டியது. அத்தனை பேர் தட்டும்போது கையை மடியில் வைத்திருப்பது சங்கடமாக இருந்தது. காலிதீனும் தட்டினார்.

மறுநாள் ஜீவராஜ் போன் எடுத்தார். "பேராசிரியருக்கு வாழ்த்துக்கள்."

"ஜீவராஜ், நான் ஒண்டும் கதைக்கல்ல."

"ஓம் சேர், வீடியோ பார்த்தனான். கை மட்டுந்தான் கதைச்சது."

"மகள்ட கலியாணம்..."

"விளங்குது. எங்கட ஆக்களும் மேடை போட்டவங்க. நான் போகல்ல. இப்ப அண்ணன் என்னோட கதைக்கிறல்ல." பிறகு சொன்னார்: "கட்டுரையில இருந்து என்ட பேர எடுத்திருங்க சேர்."

தனியாக எழுதிய கட்டுரைக்குப் பல்கலைக்கழகம் முழுப் புள்ளி கொடுக்கும். அது காலிதீனுக்கு உடனே ஞாபகம் வந்தது. வந்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பும் வந்தது. இருந்தும் மடிக்கணினியைத் திறந்தார். பெயரை அழித்தார். 'நாங்கள் வீடு வீடாகச் சென்றோம்' என்ற வரிக்கு வந்தார். பிறகு, 'நான் வீடு வீடாகச் சென்றேன்' என்று திருத்தினார்.

பாண்டிருப்பில் அவர் படியேறியது ஒரே வீடு. ஜீவராஜின் வீடு, அதுவும் தேநீர் குடிக்க.