அப்பா கேட்ட சாப்பாடு

லாண்டரி அக்கா மாதிரி ஒரு மகள் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அந்தத் தெருவே சொன்னது. கீழே கடை, மேலே வீடு. நாள் முழுக்க நீராவியில் வெந்துகொண்டு சட்டைகளுக்கு இஸ்திரி போடுவாள். வேளை தவறாமல் தட்டோடு மாடி ஏறுவாள். மாடியில் அவளுடைய அப்பா கட்டிலோடு கிடந்தார். பெரிய கிடங்கொன்றில் ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர். வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த பிறகும் தெருவுக்கும் வீட்டுக்கும் அவர் ஃபோர்மன்தான்.

ஃபோர்மனுக்குக் காய்கறி, பழம் என்றாலே ஆகாது. ஆட்டுத் தீனி என்பார். அம்மா உயிரோடிருந்த காலத்தில் பிள்ளைகளுக்கென்று செய்த கீரையில் ஒரு கரண்டியை அவர் தட்டின் ஓரத்திலும் வைத்துப் பார்ப்பாள். தட்டு பறக்கும். சில நாள் தட்டோடு நிற்காது. ஒரு தடவை அம்மாவின் முகத்தைக் குறிவைத்து அவர் விட்ட குத்து, அவள் தலையைச் சாய்த்துக்கொண்டதால் ஜன்னல் கண்ணாடியில் போய் இறங்கியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கிழிந்தது. கேட்கிறவர்களிடமெல்லாம் அந்தத் தழும்பைக் காட்டி, கிடங்கில் இரும்புத் தகடு கிழித்தது என்று பெருமையடிப்பார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டே விருந்தாளிகளுக்கு டீ ஊற்றுவாள். அவள் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது.

அவர் கட்டிலில் விழுந்த புதிதில் மகளும் பீன்ஸ் வேகவைத்து, ஆரஞ்சு உரித்து வைத்துப் பார்த்தாள். கிண்ணம் அவள் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது.

"உங்கம்மா புத்திதான உனக்கும்? ரொட்டி குடு, கறியை நல்லா வேகவச்சுக் குடு, டீ குடு. நான் சொன்னதை மட்டும் செய்."

அவள் சுவரைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டிருக்கும்போதே இத்தனை வருஷமாக உள்ளே அடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று சட்டென்று அடங்கியது. சரிப்பா என்றாள்.

அதன் பிறகு சொன்னதை மட்டும்தான் செய்தாள். காலையில் ரொட்டியும் டீயும். மதியம் ரொட்டியும், நார் நாராகப் பிய்கிற வரை வேகவைத்த கறியும். ராத்திரி டீயில் நனைத்த ரொட்டி. அக்கம்பக்கத்தார் பழம் வாங்கி வந்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, கடையில் வேலைக்கு நடுவே தானே சாப்பிட்டாள். அவரே வேண்டாம் என்கிறாரே, தான் என்ன செய்ய முடியும் என்று வந்தவர்களிடம் சொன்னாள். அது பொய்யில்லை என்பதில் அவளுக்கு ஒரு தனி நிம்மதி.

கோடை முடிவதற்குள் ஃபோர்மன் தளர்ந்துபோனார். கத்த ஆரம்பித்தால் பாதியில் மூச்சு வாங்கியது. வயசாகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு கால்களில் நீலம் நீலமாகத் திட்டுகள் வந்தன. ரொட்டியைக் கடித்தால் அதில் ரத்தம் ஒட்டியது. ஒருநாள் ஒரு பல் ரொட்டியோடு வந்துவிட்டது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். அவள் வாங்கிப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டாள். யாரையும் கூப்பிடவில்லை.

கடைசியில் அவளைப் பயமுறுத்தியது அந்தத் தழும்புதான். சட்டை மாற்றும்போது கை துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரத்துணி வைத்து மெல்லப் பிரித்தாள். நாற்பது வருஷத்துத் தழும்பு, தையல் விட்ட சட்டை மாதிரி நீளமாக வாய் பிளந்திருந்தது. நேற்றுத்தான் கண்ணாடி கிழித்ததுபோல உள்ளே சதை சிவந்திருந்தது. அம்மாதான் வந்து பிரித்துவிட்டுப் போனாளோ என்று ஒரு கணம் நினைத்தாள். கடையைப் பூட்டிவிட்டு டாக்டரை அழைத்து வந்தாள்.

டாக்டர் இளம் பெண். ஈறைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், கையை வெகுநேரம் பார்த்தாள். என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"வைட்டமின் சி சுத்தமா இல்லம்மா. தழும்புன்னா ஒரு தடவை மூடினதோட முடிஞ்சுபோச்சுன்னு நினைக்கிறோம். அப்படியில்ல. உடம்பு அதைத் தினமும் தச்சுக்கிட்டே இருக்கு. அதுக்கு இந்தச் சத்து வேணும். அது நின்னுபோனா பழைய காயம்கூடத் திறந்துக்கும்."

மாத்திரை எழுதினாள். எலுமிச்சை, ஆரஞ்சு, கொய்யா எதுவானாலும் சரி என்றாள். கொடுத்தால் சீக்கிரமே தேறிவிடுவார், கொடுக்காமல் விட்டால் உள்ளுக்குள் ரத்தம் கசிந்தே போய்விடுவார் என்றும் சொன்னாள். லாண்டரி அக்கா ஒவ்வொரு வார்த்தையையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

மாத்திரையை ஒழுங்காகத்தான் கொடுத்தாள். அவளே எதிர்பார்க்காத வேகத்தில் அது வேலை செய்தது. ஈறு இறுகியது, நீலம் மறைந்தது, தழும்பு விளிம்பிலிருந்து மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்தது. தெம்பு வந்ததும் குரலும் வந்தது. டீயில் சூடு போதவில்லையென்று ஒருநாள் கோப்பையோடு அவள் மேல் வீசினார். வயதுக்கு வந்த காலத்திலிருந்து அவள் கேட்ட வசவுகள் ஒன்றுவிடாமல் திரும்பி வந்தன.

கோப்பை பட்ட தோள்பட்டையில் களிம்பு தடவிக்கொண்டு அவள் மாத்திரைப் புட்டியை எடுத்துப் போய், கீழே சலவைச் சோடா டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள்.

இந்தத் தடவை நடப்பதை ஃபோர்மன் புரிந்துகொண்டார். ஈறில் ரத்தம் கண்டதும் மாத்திரை எங்கே என்று கேட்டார். தீர்ந்துபோச்சுப்பா, வாங்கணும் என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். ஒரு சாயங்காலம் கட்டிலின் கால்மாட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒரு ஆரஞ்சை உரித்தாள். அறை முழுக்க வாசனை ஏறியது. அவர் கை தானாக நீண்டது.

"ஒரு சுளை குடும்மா."

அவர் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் 'அம்மா' அது. சுளையை நிதானமாகத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"உங்களுக்கு ஆகாதேப்பா."

முழுப் பழத்தையும் அவர் பார்க்கப் பார்க்கத் தின்று முடித்து, விதைகளைத் தோலில் மடித்து எடுத்துக்கொண்டு இறங்கினாள். அன்று எவ்வளவோ காலத்துக்குப் பிறகு வயிறு நிறைந்த தூக்கம் வந்தது.

லாரி ஓட்டும் தம்பி எப்போதாவதுதான் எட்டிப் பார்ப்பான். அப்படி வந்தவன் தலையணையில் ரத்தத்தைப் பார்த்துப் பதறி, அப்பாவை அள்ளி லாரியில் ஏற்றி, அக்காவையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினான். அங்கே அதே டாக்டர். கையில் பிளந்து கிடந்த தழும்பைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. அக்காவையும் தம்பியையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஃபோர்மனிடமே குனிந்து கேட்டாள்.

"ஐயா, உங்க பொண்ணு மாத்திரை குடுக்கறாங்களா, இல்லையா? பயப்படாம சொல்லுங்க."

ஃபோர்மன் டாக்டரைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்தார். கிடங்கில் நூறு பேரை நடுங்க வைத்த கண்கள் அவை. மகன் வீட்டில் தனக்கு இடமில்லை என்பது அவருக்குத் தெரியும். திரும்பப் போக வேண்டியது எந்த மாடிக்கு என்பதும் தெரியும்.

"குடுக்கறா. நான்தான் துப்பிடறேன். தங்கமா பாத்துக்கறா."

டாக்டர் நம்பவில்லை. ஆனால் அதற்கு மேல் அவளால் என்ன செய்ய முடியும்? தம்பி நம்பினான். நம்பாவிட்டால் அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கும். லாரியில் திரும்பும்போது, நீ இருக்கறதாலதான் நான் நிம்மதியா வண்டி ஓட்டறேன் அக்கா என்று கண் கலங்கினான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் மாத்திரையை எடுத்து நீட்டினாள். ஃபோர்மன் கையால் வாங்கவில்லை. வாயைத் திறந்தார், குஞ்சு மாதிரி. நாக்கில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். முழுங்கிவிட்டு, முழுங்கியதைக் காட்ட மறுபடி வாயைத் திறந்தார். காட்டச் சொல்லி அவள் கேட்கவே இல்லை.

அப்புறம் வீட்டில் சத்தம் என்பதே இல்லாமல் போனது. டீ ஆறியிருந்தால் ஆறினபடியே குடித்தார். தழும்பு மூடியது. பிறகு ஒருநாள், எந்தக் கோபமும் இல்லாமல், அவர் எதுவும் செய்யாமலே, அவள் புட்டியைக் கீழே எடுத்துப் போனாள். அவர் வாய் திறந்து காத்திருந்தார். அவள் ரொட்டியை வைத்துவிட்டு இறங்கிவிட்டாள். பல் ஆடத் தொடங்கியதும் மறுபடி கொடுத்தாள்.

தம்பி எங்கோ நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிட்டு, அப்பா எப்படி இருக்கார் என்று விசாரித்தான். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் போனைக் காதில் இடுக்கிக்கொண்டாள்.

"நல்லா இருக்கார்டா. இந்த மாசம் நல்லா இருக்கார்."