பார்த்துக்கொண்ட ஆள்

வேன்காரன் என் ஸ்கூட்டரை இடித்துத் தள்ளியதில் இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரிச் செலவை இன்சூரன்ஸ் கம்பெனி முனகிக்கொண்டே கொடுத்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகான செலவில்தான் தகராறு. நான் பெயிண்டர். இன்னும் ஆறு மாதம் பிசியோதெரபி எடுத்தால் ஏணி ஏறலாம் என்றார் டாக்டர். எடுக்காவிட்டால், கீழே நின்று அடுத்தவன் அடிக்கிற சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கலாம்.

"இனிமே ஆகப்போற பிசியோவுக்குத் தர மாட்டேங்கறாங்க," என்றார் என் வக்கீலம்மா. "ஆனா வீட்டுல உங்களைப் பார்த்துக்கிட்டவங்களுக்குன்னு ஒரு தொகை கேட்கலாம். சொந்தக்காரங்களா இருந்தாலும் பரவாயில்ல. அது வந்துட்டா பிசியோவுக்குச் சரியாப் போயிடும். யாரு பார்த்துக்கிட்டாங்க?"

"யாரும் இல்லைங்க."

"யாருமே இல்லாம எப்படிங்க?"

எப்படியா? ரோலர் கம்புதான் ஊன்றுகோல். படுக்கையிலிருந்து எழுந்திருக்க ஜன்னல் கம்பியில் ஒரு கயிறு. காலி பெயிண்ட் வாளியை மாடியிலிருந்து இறக்கினால் கடைக்காரர் ரொட்டியும் பாலும் போட்டுவிடுவார். பேச்சுத் துணைக்கு ரேடியோ. நான் கேட்ட ஒரு கேள்விக்கும் அது பதில் சொன்னதில்லை. இதையெல்லாம் அந்த அம்மாளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. "அக்கா வந்துட்டுப் போவாங்க," என்று வாயில் வந்துவிட்டது.

அக்காவுக்குப் போன் செய்தேன். "உனக்காக இதுகூடச் செய்ய மாட்டேனாடா?" என்றாள். விபத்து நடந்த அன்றைக்கும் இதையேதான் சொன்னாள்.

கோர்ட்டில் அவள் வெளுத்து வாங்கினாள். "தோளைப் பிடிச்சு நடக்க வைப்பேங்க. வலி வந்தா என்னையே திட்டுவான். கஞ்சிய ஆத்தி ஆத்தி ஊட்டுவேன், ஒரு வாய்க்கு ஒரு கதை சொல்லணும்." நீதிபதியே பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். அவள் ஒன்றும் புதிதாகக் கதை கட்டவில்லை. எனக்கு ஒன்பது வயதில் மதில் மேலிருந்து விழுந்து கால் ஒடிந்தபோது அவள் செய்ததுதான் அத்தனையும். இன்னும் கொஞ்ச நேரம் சொல்ல மாட்டாளா என்று இருந்தது.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "தம்பி வீடு எந்த மாடிம்மா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"கீழ் வீடுதாங்க."

"மூணாவது மாடி," என்றார் வக்கீல், நீதிபதியிடம்.

நீதிபதி என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. அக்கா வந்து பார்த்துக்கிட்டாங்களா?"

முதலில் கீழ் வீட்டில்தான் இருந்தேன், பிறகுதான் மாடிக்குப் போனேன் என்று ஒரே ஒரு பொய் போதும், ஏணி கிடைத்துவிடும். ஆனால் அந்த மாதங்களை நான் ஒண்டியாகத் தள்ளியிருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் நானே எழுந்திருக்கிறேன். என் வாழ்க்கையில் முழுக்க முழுக்க என்னுடையது அது ஒன்றுதான். அதை இன்னொருத்தர் பேருக்கு எழுதிவைக்க மனசு வரவில்லை.

"பார்த்துக்கிட்டாங்கய்யா," என்றேன். "சின்ன வயசுல."

தொகை தள்ளுபடி ஆனது. வக்கீலம்மா என் முகத்தையே பார்க்காமல் கோப்பைக் கட்டினார்.

வெளியே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள். "என் மானத்தையே வாங்கிட்டியேடா! நான் வேற யாருக்காகவா வந்தேன்?" திட்டத் திட்ட அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. என் கையிலிருந்த கம்பையே பார்த்தாள்.

"நிஜமாவே மூணாவது மாடியா?"

"ஆமா."

"லிஃப்ட் இருக்கா?"

"இல்லக்கா."

"ஐயோ, என் முட்டிக்கு ஆகாதே." பஸ் வந்துவிட்டது. ஏறி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "மெதுவா ஏறியாவது ஒரு நாள் வந்துடறேன்டா. கண்டிப்பா வருவேன், பாரு."

தலையாட்டினேன். எந்தத் தெரு என்று அவள் கேட்கவில்லை.