பெண்மரத்துக்கு ஓர் ஏணி

ஒரே காடாக இருந்ததை நெடுஞ்சாலை இரண்டாக நறுக்கிப் போட்டிருந்தது. கிழக்குத் துண்டுக்குத் தங்கை வனக்காவலர், மேற்குத் துண்டுக்கு அண்ணன். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனதற்குச் சாலை காரணமில்லை. ஓர் அலுமினிய ஏணிதான் காரணம்.

பறவைகளுக்குக் கூட்டுப்பெட்டி மாட்டவென்று தங்கையிடம் அதை இரவல் வாங்கிப்போன அண்ணன் அதன்மேல் ஜீப்பை ஏற்றிவிட்டான். ஏற்றியதோடு விட்டானா? "வரும்போதே வளைஞ்சுதான் இருந்துச்சு" என்று வாய் கூசாமல் சொன்னான். தங்கைக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"ஏணி இல்லாம இந்தப் பக்கம் காலை வைக்காதே!"

அந்தக் காட்டில் ஆண், பெண் என்று தனித்தனி மரமாக வளரும் ஓர் அரிய இனம் உண்டு; கிழக்குத் துண்டில் அதில் மிஞ்சியது ஒரே ஒரு கிழட்டுப் பெண்மரம். ஆண்மரங்கள் எல்லாம் அண்ணன் பக்கம். மகரந்தம் சுமக்கும் பொடி வண்டுகளுக்கு லாரிக் காற்றைத் தாண்டும் தெம்பு கிடையாது. வருஷா வருஷம் மரம் பூத்தது, உதிர்த்தது, காய்க்கவே இல்லை. இப்போது அடிமரத்தில் பெரிய பொந்து வேறு. அடுத்த மழைக்காற்றுக்குத் தாங்குமா என்பதே சந்தேகம். இந்தத் தடவையும் காய்க்காவிட்டால் அந்த இனம் இந்தப் பக்கம் அதோடு சரி.

அந்த மரத்தின்மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். போனை எடுப்பதும் வைப்பதுமாகக் காலை முழுக்கப் போயிற்று. கடைசியில் ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அழைத்தாள்.

"அண்ணே, உன் பக்கம் ஆண்மரம் பூத்திருக்கா? ஒரு கொத்து வேணும்."

மறுமுனையில் ஓர் இருமல். "அந்த ஏணி விஷயம்?"

பல்லைக் கடித்துக்கொண்டு பச்சைப் பொய் ஒன்றைச் சொன்னாள். "அது முன்னாடியே வளைஞ்சுதான் இருந்துச்சு. போதுமா?"

அவன் சட்டென்று போனை வைத்துவிட்டான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மதியம், தோளில் ஏணியும் கையில் டிபன் பாக்ஸ் நிறையப் பூவுமாக அண்ணன் நடைமேம்பாலத்தில் இறங்கி வந்தான். "ஜீப்பை ஏத்தினது நான். நீ எதுக்குப் பொய் சொல்றே?" என்று வந்ததும் வராததுமாகச் சண்டை பிடித்தான்.

ஏணியில் ஒரு படி புதிதாகப் பொருத்தியிருந்தது. அதன் பெயின்ட்கூட உரிய ஆரம்பித்திருந்தது.

"எப்போ சரிபண்ணினே?"

"மறுவாரமே."

"அப்புறம் ஏன் கொண்டு வரல?"

"நீ கூப்பிடுவேன்னு பார்த்தேன்."

அவள் ஏறி, பிரஷால் மகரந்தத்தைப் பூப்பூவாகத் தடவினாள். அவன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கிளைய விட்டுட்டே பாரு" என்று உயிரை எடுத்தான்.

மழைக்கு முன்பே கிளையெங்கும் பச்சைப் பச்சையாகக் காய்கள். அவள் முதல் போன் அண்ணனுக்குத்தான் போட்டாள்.

"பார்க்க வரலாமா? என் கையில ஏணி இல்லையே" என்றான்.

"அது இங்கதான் கிடக்கு. நீ வா அண்ணே."