நடுவில் இறங்காத விமானம்

பாக்கியலட்சுமிக்குக் கோபம் வந்தால் மாலை கட்டுகிற வேகம் கூடிவிடும். அன்றைக்கு அவள் கை போன வேகத்தைப் பார்த்துப் பக்கத்துக் கடைத் தங்கம், "யாருக்குக்கா இது? மாலையா, தூக்குக் கயிறா?" என்று கேட்டாள்.

"எங்க அண்ணனுக்கு," என்றாள் பாக்கியலட்சுமி.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில், தேக்கா சந்தைக்குக் கூப்பிடு தூரத்தில், கடைகளை ஒட்டி ஓடும் அஞ்சடிப் பாதையோரமாக அவளுடைய பூக்கடை இருந்தது, பின்கட்டிலேயே வீடு. கணவர் இறந்தபோது மகள் லீலா கைக்குழந்தை. பூக்கூடைகளுக்கு நடுவில் தவழ்ந்து, பூக்கூடைகளுக்கு நடுவிலேயே பாடம் படித்து வளர்ந்த அந்தப் பெண்ணுக்கு இப்போது மதராஸில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அரை முழம் மல்லிகை வாங்க வந்தவர்கள்கூட இந்தச் செய்தியை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் பூவோடு போக முடிந்தது. கேட்காதவர்களுக்கு அவளே எழுந்து போய்ச் சொன்னாள். பெற்றவளுக்கு இது கூட இல்லையென்றால் எப்படி?

இந்தச் சந்தோஷத்தில்தான் அண்ணன் சேதுபதி கோலாலம்பூரிலிருந்து போன் போட்டுக் கல்லைப் போட்டார். அவர் அங்கே ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி, ஒரு சங்கத்துக்குத் தலைவர் வேறு. லீலா கப்பலில் போகக்கூடாது, விமானத்தில்தான் போக வேண்டும் என்று முதலில் சொன்னவர் அவர்தான். அதுவரை சரி. அந்த விமானம் கோலாலம்பூரிலிருந்து கிளம்ப வேண்டும் என்று அடுத்துச் சொன்னாரே, அங்கேதான் வந்தது வினை.

"புது ஏர்போர்ட் பாக்கியம். என்னா பெருசு, என்னா அழகு! புதன்கிழமை நேரா மதராசுக்குப் பறக்குது, நடுவுல எங்கயும் இறங்காது. சங்கத்துல எல்லாரும் வருவாங்க, மேளம் சொல்லிட்டேன், பேப்பர்காரனுக்கும் சொல்லிட்டேன். தாய்மாமன் நான் இருக்கறப்ப பிள்ளைய அனாதையாவா அனுப்பறது?"

பாக்கியலட்சுமிக்கு அந்தப் புகைப்படம் அப்போதே கண்ணில் தெரிந்தது. நடுவில் லீலா. பக்கத்தில் கோட்டும் டையுமாக அண்ணன். கீழே, 'சேதுபதி அவர்களின் மருமகள்'. தான் எங்கே நிற்போம் என்று தேடிப் பார்த்தாள். மேளக்காரருக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தது.

அண்ணன் கெட்டவர் இல்லை. தீபாவளிக்குத் துணி அனுப்பத் தவறியதில்லை. ஆனாலும் பிள்ளை பிறந்தது இந்த ஊர்க் கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில், படித்தது இங்கே, அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது ரொட்டி வாங்கிக் கொடுத்தது இந்தத் தெரு. வழியனுப்புவது மட்டும் வேறு ஊரா? அதுவும் இப்போது அது வேறு தேசம். சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"என் மவ சொந்த வாசல் இருக்கறப்ப அடுத்த வீட்டு வாசல் வழியா ஏன் போகணும்?" என்றாள் தங்கத்திடம்.

பயணச்சீட்டு விற்கும் அஹமது கபீர் அதே சாலையில்தான் கடை வைத்திருந்தார். அவரைப் போய்ப் பார்த்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு விளக்கினார். சிங்கப்பூரிலிருந்து மதராசுக்குப் போகிற மற்ற விமானங்கள் எல்லாம் கோலாலம்பூரில் இறங்கி ஏறித்தான் போகும். வெள்ளிக்கிழமை விமானம் ஒன்றுதான் நேராகப் போகும்.

"மத்த நாள்ல போனா?"

"கோலாலம்பூர்ல ஒரு மணி நேரம் நிக்கும். ஆளுங்க இறங்கலாம், சொந்தக்காரங்களப் பாக்கலாம்லா."

சொந்தக்காரர் மேளத்தோடு அங்கே நிற்பார் என்பது கபீருக்குத் தெரியாது. "வெள்ளிக்கிழமையே போடுங்க பாய்," என்றாள்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்! மதராஸ் இருப்பது மேற்கே, சூலம் இருக்கும் திசையில் அன்று பயணம் ஆகாது.

இது மற்றவர்களுக்கு என்றால் சின்ன விஷயம். பாக்கியலட்சுமிக்கு அப்படி இல்லை. சிராங்கூன் சாலையில் பஞ்சாங்கம் என்றால் அவள்தான். யார் எந்தத் திசைக்கு எந்தக் கிழமையில் போகலாம் என்று மாலை கட்டிக்கொண்டே சொல்வாள். செவ்வாய்க்கிழமை ஜோகூருக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய அழகப்பனை, வடக்கே சூலம் என்று பஸ்ஸிலிருந்தே இறக்கியவள் அவள். அந்தப் பெண்ணுக்கு வேறு மாப்பிள்ளை அமைந்தது. அழகப்பன் இன்றுவரை இவள் கடையில் பூ வாங்குவதில்லை.

அண்ணனுக்கும் இது தெரியும். போனில் அவர் சிரித்த சிரிப்பு கம்பி வழியாக வந்து குத்தியது.

"வெள்ளிக்கிழமையா? நீயா? மேக்கயா?"

"வெல்லம் சாப்பிட்டுட்டுக் கிளம்பினா சூலம் ஒண்ணும் பண்ணாது அண்ணே."

"வெல்லம் மார்க்கெட்டுக்குப் போறவனுக்கு. கடல் தாண்டற பிள்ளைக்கு வெல்லத்தக் குடுத்து அனுப்புவியா?"

ஊருக்கெல்லாம் அவளும் அப்படித்தான் சொல்லியிருந்தாள், வெல்லம் சின்னப் பயணத்துக்கு மட்டும் என்று.

இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் முகம் மலர்ந்தது. பரஸ்தானம்! கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நேரத்தில் பயணப் பெட்டியை வீட்டைவிட்டு வெளியேற்றி, போகிற திசையில் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பெட்டி கிளம்பினால் ஆள் கிளம்பியதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் ஆள் போனாலும் குற்றமில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு, போன பெட்டி வீடு திரும்பக்கூடாது.

மேற்கே யார் இருக்கிறார்கள்? சுவா சூ காங்கில் கோழிப்பண்ணை வைத்திருந்த லாசரஸ் இருந்தார். தினமும் தேக்காவுக்கு லாரியில் கோழி கொண்டுவருகிறவர். அவர் மனைவி பிரிஜட், மாதா திருநாளுக்கு இவளிடம்தான் மாலை வாங்குவாள். வியாழக்கிழமை காலை நல்ல நேரத்தில் பெட்டி லாசரஸின் லாரியில் ஏறியது. லீலா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, என் எல்லா சாரியும் அதுல இருக்கு. கோழி வாசனை வரும்லா!"

"டாக்டருக்குப் படிக்கப் போறவ கோழி வாசனைக்குப் பயப்படுவாளா?"

ஏற்பாடு இதுதான். வெள்ளிக்கிழமை காலையில் எல்லாரும் பஸ் பிடித்து மேற்கே சுவா சூ காங்குக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு, தீவின் அந்தக் கோடியிலிருந்து கிழக்கே பாயா லேபார் விமான நிலையத்துக்கு வர வேண்டும். பைத்தியக்காரத்தனமான சுற்று என்று கபீர் சொன்னார். பஸ் நிறைய ஜனம், நகரம் முழுக்க ஊர்வலம் என்று பாக்கியலட்சுமி நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கடைவாசலில் கோலம், தெரு நிறைய ஆட்கள். வாடகை பஸ் வந்து நின்றது. அண்ணனும் இரவு ரயிலில் வந்துவிட்டார், கையில் கோலாலம்பூரில் கட்டிய ரோஜா மாலையோடு. மாலை வாடியிருந்தது. பாக்கியலட்சுமி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள், அந்த அளவு நாகரிகம் அவளுக்கு உண்டு.

அப்போதுதான் லாசரஸின் கோழி லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

லாசரஸ் சிரித்த முகத்தோடு குதித்தார். பின்னாலிருந்து பெட்டியைத் தூக்கி, கோலத்துக்குப் பக்கத்தில், அஞ்சடிப் பாதையில் இறக்கி வைத்தார். பிரிஜட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

"அவ்வளவு தூரம் நீங்க ஏன் அலையணும் பாக்கியம்மா? நானே கொண்டாந்துட்டேன்!"

தங்கம் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டத்தின் ஓரத்தில் அழகப்பன் நின்றிருந்தான். இவள் இப்போது என்ன செய்யப் போகிறாள் என்று பார்க்கக் கழுத்தை நீட்டினான்.

"ஏன், என்னா தப்புப் பண்ணேன்?" என்று லாசரஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

சேதுபதி மெதுவாகத்தான் பேசினார். குத்திக் காட்டவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. "போன பயணம் வீட்டுக்குத் திரும்பிருச்சு பாக்கியம். இன்னைக்குக் கிளப்ப வேணாம். வேற யாரா இருந்தா நீயே விட மாட்டே. வர்ற புதன்கிழமை நம்ம ஊர்லேர்ந்து அனுப்புவோம். நான் பாத்துக்கறேன்."

பாக்கியலட்சுமிக்கு வீம்பு எல்லாம் எங்கோ போய்விட்டது, பயம் மட்டும்தான் மிச்சம். இருப்பது ஒரே பிள்ளை. கீழே கடல், மேலே ஒன்றுமில்லை. ஒரு பிடிவாதத்துக்காகப் பிள்ளையை வைத்து விளையாடுவதா? 'சரி அண்ணே' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டாள்.

பிரிஜட் முந்திக்கொண்டாள். "அக்கா, எனக்கு உங்க சாஸ்திரம் தெரியாது. ராத்திரி இந்தப் பெட்டிய மாதா படத்துக்கு முன்னாடி வச்சு, நானும் அவரும் முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணோம். நம்ம பிள்ள நல்லாப் போய்ச் சேரணும்னு. அது தப்புன்னா மன்னிச்சிருங்க."

நம்ம பிள்ள. பாக்கியலட்சுமி அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு மகளைப் பார்த்தாள். "நீ என்னாடி சொல்றே?"

லீலா பெட்டிப் பக்கம் வந்து நின்றாள். "நீங்க எங்கேருந்து அனுப்பினாலும் போறேன்மா. ஆனா அங்க காலேஜ்ல எந்த ஊருன்னு கேட்டா சிங்கப்பூர்னுதான் சொல்வேன். எந்த ஏர்போர்ட்லேர்ந்து வந்தேன்னு கேட்டாலும் அதையே சொல்லணும்னு எனக்கு ஆசை."

பாக்கியலட்சுமி தெருவைப் பார்த்தாள். காய்கறிக் கடைக்காரர்கள், எதிர்க்கடைச் சீனக் கிழவர், கபீர், கோபத்தை மறந்து வந்துவிட்ட அழகப்பன், கோழி இறகு ஒட்டிய சட்டையோடு லாசரஸ். இத்தனை பேரும் வாசலில் வந்து நிற்க, இதைவிட நல்ல சகுனம் எந்தப் பஞ்சாங்கத்தில் எழுதியிருக்கிறது? அவள் மனசுக்குள் பயம் போகவில்லை. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று எழும்பியது. பெருமைதான் அது, வேறொன்றும் இல்லை.

விறுவிறுவென்று உள்ளே போய் வெல்லத்தோடு வந்தாள். ஒரு துண்டை லீலா வாயில் போட்டாள். இன்னொரு துண்டை அண்ணன் வாயில் போட்டாள். அவர் ஏதோ சொல்ல வந்தது வெல்லத்தோடு உள்ளே போயிற்று.

"சூலத்துக்கு வெல்லம் போதும் அண்ணே. மத்ததுக்கு நான் இருக்கேன், இந்தத் தெரு இருக்கு. என் மவ இன்னைக்குத்தான் போறா, இங்கேருந்துதான் போறா." பிறகு தன் கையால் கட்டிய மாலையை எடுத்து அவரிடம் நீட்டினாள். "தாய்மாமன் உரிமை உங்களுது, மாலைய நீங்களே போடுங்க. ஊரு மட்டும் என்னுது."

சேதுபதி மாலையைக் கையில் வாங்கிக்கொண்டு தங்கையையே பார்த்தார். என்ன நினைத்தாரோ, கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பெட்டியை அவரே தூக்கினார். அழகப்பன்தான் முதலில் கைதட்டினான். "ஜோகூருக்கு நானும் வெல்லம் சாப்பிட்டுட்டுப் போயிருப்பேனே அக்கா!" என்று அவன் கத்த, தெருவே சிரித்தது. பாக்கியலட்சுமியும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

பஸ் முன்னால் போயிற்று. இடம் போதாதவர்கள் கோழி லாரியில் நின்றுகொண்டு வந்தார்கள். பாயா லேபாரில், வழியனுப்புகிறவர்கள் நிற்கும் மாடியில், சிராங்கூன் சாலையின் பாதி நின்றது. லீலா கழுத்தில் மாலையோடு விமானப் படியேறித் திரும்பிக் கை அசைத்தாள். அவ்வளவு பேரில் யாரைப் பார்த்து அசைத்தாள் என்பதில் ஒருத்திக்கு மட்டும் சந்தேகமே இல்லை.

விமானம் ஓடி, எழும்பி, மேகத்துக்குள் போயிற்று. பாக்கியலட்சுமி வாய்விட்டு அழுதாள். தலை நிமிர்ந்தே அழுதாள். பக்கத்தில் சேதுபதியும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, கீழ போன் இருக்கு. அண்ணிக்குப் போட்டுச் சொல்லுங்க. வாசல்ல வந்து அண்ணாந்து பாக்கட்டும். உங்க ஊருக்கு மேலதான் போவா. இறங்க மாட்டா."