யானையின் வயிற்றில் ஒரு துவாரம்

இந்த ஊரில் என்னோடு தமிழில் சண்டை போட ஒரே ஒரு ஆள்தான் உண்டு. கட்டட டிசைனர். என்னைவிட மூத்தவள், அதனால் அக்கா. நான் கட்டடங்களுக்குள் காற்று எப்படி இருக்கிறது என்று அளந்து சொல்பவன். அதனால் அவளுக்கு நான் ‘காத்து’.

ஒரு குழந்தைகள் காப்பகத்துக்கு இருவரும் சேர்ந்து வேலை செய்தோம். தூங்கும் அறைக்கு வெளிச்சுவர் ஒன்றே ஒன்று. தெருச் சத்தம் வராமலிருக்க அதில் ஜன்னல் வைக்கவில்லை. சுவர் முழுக்க அக்கா தன் கையாலேயே ஒரு யானை வரைந்தாள். அது கெடக்கூடாது என்று வெளிக்காற்று வரும் துவாரத்தைத் தரையோரம் தள்ளினாள். வரைபடத்தைப் பார்த்து நானும் சரி என்றேன்.

காப்பகம் திறந்ததும் புகார் வந்தது. பிள்ளைகள் தலைவலியோடு அழுதுகொண்டே எழுகிறார்களாம். மதியத் தூக்க நேரத்தில் மீட்டரோடு போனேன். உள்ளே ஒரே புழுக்கம். துவாரத்தை அட்டை வைத்து ஒட்டியிருந்தார்கள். காலில் சில்லென்று அடிக்கிறது, பிள்ளைகள் இருமுகிறார்கள் என்று அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் தன் பாஷையில் சொன்னாள். அட்டையை எடுத்துவிட்டு நானும் பாயில் படுத்துப் பார்த்தேன். நியாயம்தான். துவாரம் உயரத்தில் இருக்க வேண்டும். உயரத்தில் யானை நின்றது.

அட்டையை எடுத்தால் போதும் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வரலாம். அக்காவுக்குக் கோபம் வராது. அவள் பேசாமல் போய்விட்டால் இந்த ஊரில் என் வாய்க்கு வேலையே இல்லை. ஆனாலும் போன் போட்டேன்.

“அக்கா, யானைய உடைக்கணும்.”

“என்னடா, வெயில்ல சுத்துனியா?”

“துவாரத்த மேல ஏத்தணும். வயித்துப் பக்கம்.”

“நான் பிளான் வரையறப்ப நீயும்தானே பக்கத்துல நின்னு தலையாட்டுன?”

“ஆட்டுனேன். பிளான்ல யாரும் படுத்துத் தூங்கலையேக்கா.”

பட்டென்று வைத்துவிட்டாள்.

அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினேன். அந்த வாரம் முழுக்க நான் தமிழ் பேசவில்லை. மீட்டரை மட்டும் கொஞ்சம் திட்டினேன்.

விடுமுறை நாளில் காப்பகத்துக்கு வரச்சொல்லி அக்காவிடமிருந்து ஒரு வரி வந்தது. போனேன். சுவருக்கு முன்னால் அக்கா சாக்பீஸோடு நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“நீயே வட்டம் போடு. நான் போட்டா மறுபடி எங்கயாச்சும் ஒளிச்சு வச்சிடுவேன்.”

போட்டேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் நீட்டிப் படுத்தாள்.

“ம், அங்கேருந்து விசிறு. எங்க படுதுன்னு பாப்போம்.”

கையிலிருந்த ஃபைலால் விசிறினேன்.

“காதுல அடிக்குதுடா காத்து. இன்னும் மேல.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன்.