இரண்டு படித் தவிடு

நல்லம்மாளின் முதல் பிள்ளை காய்ச்சலில் போனபோது, அவள் செய்த தப்பு என்ன என்று சொல்ல ஆற்றங்கரைத் தோட்டத்தில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. மலாய் நாட்டுக் காம்பாருக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் ஐந்து லயம், வரிசை வரிசையாகக் கூலிக்காரர் வீடுகள். ஐந்திலும் வாசலுக்கு ஒரு காரணம் தயாராக இருந்தது. பால் கொடுக்கிறவள் பலாச்சுளை தின்றாள். ஈரத் தலையோடு பிள்ளையைத் தூக்கினாள். பொழுது சாய்ந்த பிறகும் பிள்ளைத் துணியைக் கொடியிலேயே விட்டாள். இரண்டு வருடம் கழித்து அடுத்த பிள்ளை வயிற்றுப்போக்கில் போனது. அப்போது காரணம் இன்னும் சுலபமாகக் கிடைத்தது. பச்சைப் பிள்ளையை ஆயாக் கொட்டகைத் தூளியில் போட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போனவள்தானே இவள்! இப்படிச் சொன்ன பெண்கள் அத்தனை பேரும் தங்கள் பிள்ளைகளை அதே கொட்டகையில்தான் விட்டிருந்தார்கள். அவள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்திருந்தால் மகாராணிக்கு உடம்பு வணங்கவில்லை என்றிருப்பார்கள்.

அப்பனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு சாவிலும் உடையப்பனை வாசலில் பெஞ்சு போட்டு உட்கார வைத்து, சீனி கூடுதலாகப் போட்டுக் காப்பி கொடுத்தார்கள். பாவம், மனுஷன் இடிந்துபோய்விட்டான் என்று ஆற்றினார்கள். உள்ளே பால் கட்டி நெஞ்சு கல்லாகிக் கிடந்தவளிடம்தான் கேள்வியெல்லாம் போனது. பிள்ளைக்கு உடம்பு சுட்டது உனக்குத் தெரியவில்லையா என்று ஒருத்தி கேட்டாள். அதன்பிறகு ஒவ்வொரு விடியலிலும் மரத்தடியில் கத்தியும் கையுமாக நின்று, நல்லம்மாள் அதையே தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எழுபத்திரண்டாம் வருடம் தை மாதத்தில் மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தது. மூன்றாம் நாள் உடையப்பனின் அக்கா ராக்காயி ஒரு முடிவோடு வந்து திண்டாட்டத்தைத் தீர்த்து வைத்தாள், அல்லது புதிதாக ஒன்றைத் தொடங்கி வைத்தாள். பிள்ளை தங்காத வீட்டில் நம் ஆட்கள் செய்வது ஒன்று உண்டு. பிள்ளைகள் நன்றாகத் தங்குகிற வீட்டுக்காரிக்கு அதை ஒரு படித் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். எமன் வந்து பார்த்தால், இது வேறு யாருடைய பிள்ளையோ என்று திரும்பிப் போய்விடுவானாம். பெரும்பாலும் அன்றைக்கே திருப்பி வாங்கிக்கொண்டு, தவிட்டம்மா என்று பெயர் வைப்பதோடு விஷயம் முடிந்துவிடும். ராக்காயி இரண்டு சாவு பார்த்தவள். இதில் கஞ்சத்தனம் கூடாது, பன்னிரண்டு வருடம் ஆகட்டும் என்றாள். அதுவரை பிள்ளை பெற்றவளை அம்மா என்று கூப்பிடக் கூடாது. பெற்றவள் மகளே என்று வாய் திறக்கக் கூடாது. பன்னிரண்டு முடிந்ததும் இரண்டு படித் தவிடு கொடுத்து மீட்டுக்கொள்ளலாம்.

வாங்கிக்கொள்ள கெர்ட்ரூட் சம்மதித்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் உதவியாளாக இருந்த ஆம்புரோஸின் மனைவி. நான்கு பையன்களைப் பெற்று நான்கையும் கல்லுக்குண்டாக வளர்த்தவள். மாதா கோயிலுக்குப் போகிறவளுக்கு எமன் மேல் நம்பிக்கை இல்லை. ஆனால் நல்லம்மாளின் முகத்தைப் பார்த்தாள், கோழிக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு படி அளந்து முறத்தில் கொட்டினாள், பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அரைமணி நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, "இந்தா, எம்புள்ளய நீ வளத்துக் குடு" என்று நீட்டினாள்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. பிறப்பைப் பதிய தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி சதாசிவம் விவரம் எழுத உட்கார்ந்தார். தாயின் பெயர் என்ன என்று கேட்டபோது, நல்லம்மாள் கெர்ட்ரூட்டின் பெயரைச் சொன்னாள். தகப்பன் பெயருக்கு ஆம்புரோஸ் என்றாள். கிராணியார் பேனாவை மூடி வைத்துவிட்டார். வீட்டுச் சடங்கு வேறு, அரசாங்கக் கடுதாசி வேறு, பின்னால் அவதிப்படுவாய் என்று எடுத்துச் சொன்னார். அவள் கேட்டாள்:

"எமனுக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஒங்களால உறுதியா சொல்ல முடியுமா, கிராணியாரே?"

சதாசிவம் பேனாவை மறுபடி திறந்தார். இரண்டு பிள்ளைகளை இழந்தவள் முன்னால் உட்கார்ந்துகொண்டு யாரால் சொல்ல முடியும்? ஆம்புரோஸ் மறுத்துப் பார்த்தான். கெர்ட்ரூட் அதட்டியதும் போய்க் கையெழுத்துப் போட்டான். தன் பிள்ளை என்றால் தன் வழக்கப்படி பெயர் இருக்க வேண்டும் என்று கெர்ட்ரூட் சொல்ல, பிறப்புப் பத்திரத்தில் எல்ஸி என்று ஏறியது. லயத்தில் அவள் பெயர் தவுடு.

தவுடு தங்கினாள். முதல் பிள்ளை போன வயதைத் தாண்டினாள், இரண்டாவது போன வயதையும் தாண்டினாள். நல்லம்மாள் வீட்டில் உண்டு, நல்லம்மாள் பக்கத்தில் தூங்கி, நல்லம்மாளை அக்கா என்று கூப்பிட்டு வளர்ந்தாள். கெர்ட்ரூட்தான் அம்மா. பிள்ளைக்கு முதன்முதலில் அம்மா என்று வாய் வந்தபோது, அதைக் கெர்ட்ரூட்டைப் பார்த்துச் சொல்லும்படி முகத்தைத் திருப்பிவிட்டது நல்லம்மாள்தான். திருப்பிவிட்டுப் பின்கட்டுக்குப் போய் விறகு பிளந்தாள். தேவைக்கு மேலேயே பிளந்தாள்.

பிள்ளை பிழைத்தால் ஊர் வாயை மூடும் என்று அவள் நம்பியிருந்தாள். எங்கே மூடியது? வெந்நீரில் குளிப்பாட்டினால் பொத்திப் பொத்தி வளர்க்கிறாள் என்றார்கள். ஒருநாள் மழையில் நனைய விட்டால் பெற்ற பாசம் இருந்தால்தானே என்றார்கள். விற்கச் சொன்ன வாய்களே, தவிட்டுக்குப் பிள்ளையை விற்றவள் என்று குழாயடியில் பேசின. ஒரு தாய் எப்படி நடந்தால் சரி என்று அந்த ஐந்து லயத்தில் ஒருத்தியும் சொன்னதில்லை. தப்பு மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து தவுடு அழுதுகொண்டு வந்தாள். என்ன என்று கேட்டதற்கு, "நீதானக்கா என்னப் பெத்த?" என்றாள். யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்று நல்லம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பன்னிரண்டு முடியட்டும் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னாள். அதுவே பதிலாகப் போதுமானதாக இருந்தது பிள்ளைக்கு. அன்றிலிருந்து அவளும் வருடத்தை எண்ணத் தொடங்கினாள். ஒருநாள் குளியலறைத் தகரக் கதவுக்குப் பின்னாலிருந்து, தண்ணீர் மொள்ளும் சத்தத்துக்கு நடுவே, "அம்மா, அம்மா" என்று மெதுவாகச் சொல்லிப் பார்க்கும் குரல் கேட்டது. துண்டோடு வெளியே நின்ற நல்லம்மாள் கதவைத் தட்டவில்லை. அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நின்ற இடம் வேறு கிடையாது.

எண்பத்து நான்கில் பன்னிரண்டு முடிந்தது. அந்த வயதில்தான் அடையாளக் கார்டும் எடுக்க வேண்டும். கெர்ட்ரூட் குடும்பம் அதற்குள் ஈப்போவுக்குப் போய், புந்தோங்கில் வாடகை வீட்டில் இருந்தது. ராக்காயி நாள் பார்த்தாள். காலையில் கார்டு வேலையை முடித்துவிட்டு, மத்தியானம் கெர்ட்ரூட் வீட்டில் தவிடு கொடுத்துப் பிள்ளையை மீட்பது என்று ஏற்பாடு. ராக்காயி நேரே அந்த வீட்டுக்குப் போய்விட்டாள். உடையப்பனுக்கு வேலை இருந்தது.

ஓய்வு பெற்றுவிட்ட சதாசிவத்திடம் நல்லம்மாள் முன்பே யோசனை கேட்டிருந்தாள். அவர் சொன்னது அவள் தூக்கத்தைக் கெடுத்திருந்தது. பத்திரத்தில் பொய் எழுதியது தெரிந்தால் பத்திரம் செல்லாது. ஆம்புரோஸ் மேல் கேஸ் வரும். பிள்ளைக்குக் கார்டு கிடைக்காது, கார்டு இல்லையென்றால் பரீட்சையும் இல்லை, வேலையும் இல்லை. காம்பாரிலிருந்து பஸ்ஸில் வரும்போது தவுடுக்கு அதையெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னாள். யார் கேட்டாலும் கெர்ட்ரூட்தான் அம்மா. பிள்ளை தலையை ஆட்டியது. பிறகு, "மத்தியானத்துக்கு அப்புறம் கூப்பிடலாம்தானே?" என்று கேட்டது. கூப்பிடலாம் என்றாள் நல்லம்மாள்.

ஈப்போ பதிவு அலுவலகத்தில் கூட்டம். முன்பே வந்து காத்திருந்த கெர்ட்ரூட் பத்திரத்தையும் தன் கார்டையும் முன்னால் வைத்தாள். நல்லம்மாள் இரண்டடி தள்ளி நின்றாள். வெளியிலேயே இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். தன் பிள்ளையின் பெயர் கார்டில் ஏறுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மலாய்க்கார அம்மாள் நல்ல மாதிரி. விரல் ரேகைக்கு மையை எடுத்து வைத்துவிட்டு, விண்ணப்பப் பாரத்தை எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். பிள்ளையைப் பார்த்தாள், தள்ளி நின்ற நல்லம்மாளைப் பார்த்தாள், சிரித்தாள்.

"இனி சியாப்பா? மூக்கா சாமா" என்றாள். இது யார், முகம் ஒரே மாதிரி இருக்கிறதே என்று கேட்டாள். சும்மா ஆசையாகக் கேட்ட கேள்விதான்.

தவுடு திரும்பி நல்லம்மாளைப் பார்த்தாள். பஸ்ஸில் சொன்னது எதுவும் அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் இல்லை. பன்னிரண்டு முடிந்துவிட்டது என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.

"எமா சாயா" என்றாள். என் அம்மா.

பன்னிரண்டு வருடமாகக் காத்திருந்த வார்த்தை மலாயில் வந்தது. எந்த பாஷையில் வந்தால் என்ன? நல்லம்மாளுக்கு அது காதில் விழுந்து வயிற்றில் இறங்கியது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் தாயாக நின்றாள். பிறகு மேசை மேல் கிடந்த பத்திரத்தைப் பார்த்தாள். பேனா நின்றுவிட்டிருந்தது. அந்த அம்மாளின் சிரிப்பும் நின்றுவிட்டிருந்தது.

"புக்கான், புவான்" என்றாள் நல்லம்மாள். இல்லை, மேடம். "ஜிரான் சாஜா." அண்டை வீடுதான்.

கெர்ட்ரூட் அவசரமாக ஏதோ சொல்லிச் சமாளித்தாள். பக்கத்து வீட்டிலேயே கிடந்து வளர்ந்த பிள்ளை, பாசத்தில் அப்படிக் கூப்பிடும் என்றாள். அந்த அம்மாள் ஆறுதலாக மூச்சு விட்டு மறுபடி எழுதினாள். எழுதிக்கொண்டே, பெற்றவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொருத்தியை அம்மா என்றால் பெற்றவளுக்கு வலிக்காதா என்று பிள்ளைக்குப் புத்தி சொன்னாள். வரிசையில் நின்ற ஒரு தமிழ்ப் பெண் தன் துணையிடம், "அடுத்தவ புள்ளய அம்மான்னு கூப்புட பழக்கி வச்சிருக்கா பாருலா" என்றாள். நல்லம்மாளுக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னாள்.

தவுடு அழவில்லை. ஒவ்வொரு விரலாக நீட்டி மையில் ஒற்றிக்கொடுத்தாள். வெளியே வந்ததும் நல்லம்மாள் முந்தானையில் எச்சில் தொட்டு அந்தக் கையைத் துடைக்கப் போனாள். பிள்ளை கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனது.

"கார்டுக்காகத்தான் அப்படிச் சொன்னேன், சாமி."

"தெரியும்க்கா" என்றாள் தவுடு. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நா எவ்ளோ நாளா அத வச்சிருந்தேன் தெரியுமா?" என்றாள்.

புந்தோங் போகும் பஸ்ஸில் அவள் கெர்ட்ரூட் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பின் சீட்டில் இருந்த நல்லம்மாள், தான் காலையில் பின்னிவிட்ட சடையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் ராக்காயி எல்லாம் தயாராக வைத்திருந்தாள். முறம் நிறையத் தவிடு, மஞ்சள், வெற்றிலை. அலுவலகத்தில் நடந்தது அவளுக்குத் தெரியாது. அவள் உற்சாகமாக நல்லம்மாளைக் கிழக்கே பார்க்க நிறுத்தினாள். நல்லம்மாள் இரண்டு படித் தவிட்டை அளந்து கெர்ட்ரூட்டின் மடியில் போட்டாள். பாதி தரையில் சிந்தியது. அளப்பதற்குக்கூடக் கை வராதா என்று ராக்காயி கடிந்துகொண்டாள். கெர்ட்ரூட் அழுதுகொண்டே பிள்ளையின் தோளைப் பிடித்து நல்லம்மாள் பக்கம் தள்ளினாள்.

"கெடு முடிஞ்சி போச்சிடி தவுடு" என்றாள் ராக்காயி. "இனிமே தாராளமா அம்மான்னு கூப்புடலாம். கூப்புடு."

பிள்ளை மை படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கெர்ட்ரூட்டைப் பார்த்தாள், நல்லம்மாளைப் பார்த்தாள்.

"யார, அத்தே?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். நிஜமாகவே தெரியாத மாதிரிதான் கேட்டாள். ராக்காயிக்கு வாய் அடைத்துப்போனது. அந்தக் குடும்பத்தில் அது நடந்தது அன்று ஒருநாள்தான். நல்லம்மாள் குனிந்து தரையில் சிந்தியிருந்த தவிட்டைக் கூட்டி அள்ளி முறத்தில் போட்டாள். மணி இரண்டாகிவிட்டது, பிள்ளை காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, முதலில் அவளுக்குச் சோறு போடுங்கள் என்றாள்.